அந்த ஆடு எந்த வசனத்தில் சாகிறது?

போன மாதம் பீச் - தாம்பரம் லோக்கலில் வந்துகொண்டிருந்தோம். குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு பெரியவர் எங்கள் மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு கைப்பிரதியைத் திணித்துவிட்டு சானடோரியத்தில் இறங்கிப் போய்விட்டார். வழக்கமான கைப்பிரதிதான் என்று மடித்து வைக்கப் போனேன். தலைப்பு இழுத்தது. வேதங்களில் வரும் பிரஜாபதி யாகத்தில் தன்னையே பலியாகக் கொடுத்தார், அது சிலுவையின் முன்னடையாளம், ஆகவே யூதர்களின் பழைய ஏற்பாடு சொன்னதையே நம் ரிஷிகளும் சொல்லிவிட்டார்கள் என்று போகிறது. நடுநடுவே தமிழ் எழுத்தில் சமஸ்கிருத வரிகள். எந்த நூல், எந்த மண்டலம், எந்த எண்? மூச்!

கூட வந்த நண்பன் ஒருவன் அசந்து போய்விட்டான். இன்னொருவன், "வேதமெல்லாம் எதுக்குடா, லேவியராகமத்துல வர்ற ஒவ்வொரு ஆடும் இயேசுதான், இந்த யூதனுங்களுக்குத்தான் அது புரியல" என்றான். தாம்பரம் வந்து, சப்வே இறங்கி, டீக்கடை வரைக்கும் சண்டை. இரண்டு பேரும் தப்பு என்று நான் சொன்னதால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடித்தார்கள் (வாயால்தான்). அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன்.

டிஸ்கி: நான் எந்த மதம் என்று தோண்டாதீர்கள். வாதத்தில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் கைப்பிரதி நண்பனுக்கு.

இந்தச் சரக்கு புதுசு இல்லை. கல்கத்தாவில் கிருஷ்ண மோகன் பானர்ஜி என்ற பிராமணக் கிறிஸ்தவர் 1875-இல் 'ஆரிய சாட்சி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு ஆங்கிலப் புத்தகம் எழுதினார். பிரஜாபதியின் யாகத்துக்கும் சிலுவைக்கும் முடிச்சுப் போட்ட வேலை பெரும்பாலும் அவருடையது. அவர் சமஸ்கிருதம் படித்த அறிஞர், மூல நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடியவர். இன்றைய கைப்பிரதிகள் அவருடைய உழைப்பை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டன.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய கதை உண்டு. கிழக்குத் தாம்பரத்தில் தினமும் நாம் கடந்து போகிற அந்த மரம் அடர்ந்த மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் வளாகத்தில் 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு நடந்தது. சீனாவில் ஹாங்சௌ நகரில் நடந்திருக்க வேண்டியது. ஜப்பான் படையெடுப்பால் இங்கே வந்தது. கல்லூரியும் அப்போதுதான் ஜார்ஜ் டவுனிலிருந்து இந்தக் காட்டுக்குக் குடிவந்திருந்தது. சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேர் போல வந்தார்கள். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுதுலியும் அதில் ஒருவர். (நம் ஸ்டேஷனில் இதற்கு ஒரு போர்டாவது வைக்கலாம்!) உலகச் சபை வரலாற்றுப் புத்தகங்களில் 'தாம்பரம்' என்றாலே இந்த மாநாடுதான்.

அந்த மாநாட்டுக்காகவே ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். விவிலியத்தின் வெளிப்பாடு தனி, மற்ற மதங்கள் தனி, நடுவே பாலம் கிடையாது என்பது அவர் கட்சி. அதற்குச் சென்னையிலிருந்தே பதில் வந்தது. பி. செஞ்சையா, வி. சக்கரைச் செட்டியார் முதலான சிலர் சேர்ந்து இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்போம் என்று அதே 1938-இல் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். சக்கரைச் செட்டியார் வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், பிறகு சென்னை மேயர். இந்த வட்டத்தைச் சுற்றி எழுந்த கேள்வி இன்றைக்கும் கூர்மையானது. யூதர்களுக்குப் பழைய ஏற்பாடு வாசலாக இருந்தது சரி, நாங்கள் ஏன் இன்னொரு நாட்டின் வாசலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்? எங்கள் மரபே எங்களுக்குப் பழைய ஏற்பாடாக ஏன் ஆகக்கூடாது?

மரியாதையான கேள்வி. வெள்ளைக்காரன் கோட்டு, வெள்ளைக்காரன் ராகம், கூடவே எபிரேய ஆடு என்று எல்லாவற்றையும் மொத்தமாக இறக்குமதி செய்த சபையைப் பார்த்து ஒரு சுயமரியாதைக்காரன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஆனால் கைப்பிரதி அதற்குக் கொடுக்கும் பதில் இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

பிரஜாபதி யாகம் என்று இவர்கள் போய் நிற்கும் முக்கியமான இடம் புருஷ சூக்தம், ரிக் வேதம் பத்தாம் மண்டலம், 90-ஆவது சூக்தம். அங்கே தேவர்கள் புருஷனை யாகப் பொருளாக்குகிறார்கள். அந்த உடலிலிருந்து உலகம் வருகிறது. கூடவே என்ன வருகிறது? வாய் பிராமணன், கைகள் ராஜன்யன், தொடைகள் வைசியன், பாதம் சூத்திரன். வெட்டுப்பட்ட அந்த உடலிலிருந்து பிறப்பது நாலு வருணம். பாவ மன்னிப்பு என்ற பேச்சே அந்தச் சூக்தத்தில் கிடையாது. யாரோ ஒருவனுடைய குற்றம் சுமக்கப்பட்டு அவன் விடுதலையாகிறான் என்பதும் இல்லை. பாதத்துக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு அந்த நாலிலும் இடமே இல்லை.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி யார்? அந்த உடம்பில் இடம் கொடுக்கப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் கையில் கொண்டுபோய் 'சிலுவையின் நிழல் இங்கேதான் விழுந்திருக்கிறது' என்று புருஷ சூக்தத்தைக் கொடுக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? சாதி தேவாலயத்துக்குள் வராத மாதிரியும் பேசாதீர்கள். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கூட்டமாக வெளியே போனார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நின்ற கதை ஊரறிந்தது. செத்த பிறகும் சுவர் வைக்கிற சபைக்கு, சாதியைப் பெற்றெடுத்த யாகத்தை முன்னடையாளம் என்று கொடுத்தால் அது சுவருக்கு சிமெண்ட் பூசுவதுதான்.

"எபிரேயன் மட்டும் யோக்கியமா?" என்பான் நண்பன். நியாயமான அடி. லேவியராகமத்திலும் குருமார் பரம்பரைதான், ஆரோன் வம்சம். உடல் ஊனமுள்ளவன் பலிபீடத்தருகே வரக்கூடாது என்று 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. படிக்கக் கசக்கிறது. ஆனால் புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் என்ன செய்கிறது பாருங்கள். இயேசு லேவி கோத்திரம் இல்லை, யூதா கோத்திரம். அந்த வம்சச் சட்டப்படி அவருக்கு ஆசாரியத்துவமே கிடையாது என்று அந்த நிருபமே ஒத்துக்கொண்டு, வம்சம் தெரியாத மெல்கிசேதேக்கைத் துணைக்கு இழுக்கிறது. அதாவது நிழலைக் காட்டும்போதே பரம்பரையை உடைக்கிறது. மெல்கிசேதேக்கும் எபிரேய நூலில் இருந்தவர்தான். உடைக்கிற கருவியும் அதே பெட்டிக்குள் கிடந்தது.

கைப்பிரதி நண்பன் கதை முடிந்தது. இன்னொருத்தன் சிரித்துக்கொண்டிருப்பான். ராசா, உனக்குத்தான் அதிகம் இருக்கிறது.

'பலிகடா' என்ற வார்த்தையிலிருந்து ஆரம்பிப்போம். எவனோ செய்த தப்புக்கு எவனோ மாட்டினால் நம் பத்திரிகைகள் 'பலிகடா ஆக்கப்பட்டார்' என்று எழுதும். ஆங்கிலத்தில் இதற்குரிய சொல்லை 1530-இல் வில்லியம் டிண்டேல் லேவியராகமம் 16-ஐ மொழிபெயர்க்கும்போது உண்டாக்கினார். அவர் சொல்லுக்குத் தப்பிப்போன ஆடு என்றுதான் அர்த்தம். தமிழில் அதுவே பலியான கடா ஆகிவிட்டது! ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுதாக வந்த தமிழ் வேதாகமம், இன்றைக்கும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கிறது. அதில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. போக்காடு. போகவிடப்படும் ஆடு. எவ்வளவு அழகான சொல், ஒருத்தரும் பயன்படுத்துவதில்லை.

அந்த அதிகாரத்தில் நடப்பது இது. வருஷத்துக்கு ஒரு நாள், யோம் கிப்பூர். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள், சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்கு. அது கொல்லப்படுகிறது, அதன் ரத்தம் திரைக்கு உள்ளே கொண்டுபோய்த் தெளிக்கப்படுகிறது. எதற்கு? ஜனங்களின் அசுத்தத்தால் தீட்டான பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்தம் பண்ண. இரண்டாவது ஆட்டின் தலையில்தான் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களுடைய அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுகிறான். பாவத்தைச் சுமப்பது இந்த ஆடு. இதை யாரும் வெட்டுவதில்லை. ஒரு ஆள் அதை உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடுகிறான். (பிற்காலத்தில் மலையுச்சியிலிருந்து தள்ளும் வழக்கம் வந்ததை மிஷ்னா சொல்கிறது. லேவியராகமத்தில் அது இல்லை.)

ஆக, செத்த ஆடு பாவம் சுமக்கவில்லை. பாவம் சுமந்த ஆடு சாகவில்லை. 'நம் பாவத்தை ஆட்டின் மேல் போட்டு அதைக் கொன்றார்கள், அதுபோலவே சிலுவையில்' என்று கன்வென்ஷன் பந்தல்களில் முழங்குகிறார்களே, அந்தச் சடங்கு அந்த அதிகாரத்தில் இல்லவே இல்லை.

இன்னும் இருக்கிறது. பஸ்கா ஆட்டுக்குட்டி யாத்திராகமத்தில் பாவத்துக்கான பலி இல்லை. அது அடிமைகள் தப்பித்துப் போகும் ராத்திரியின் சாப்பாடு, கதவில் பூசிய அடையாளம். லேவியராகமம் 5-இல் ஆட்டுக்கு வசதியில்லாதவன் புறா கொண்டுவரலாம், அதுவும் முடியாதவன் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவரலாம், அவனுக்கும் மன்னிப்பு உண்டு. மாவில் எங்கே ரத்தம்? ரத்தம் இல்லாமல் மன்னிப்பே இல்லை என்று அடித்துப் பேசுபவர்கள் எபிரெயர் நிருபம் அதே வசனத்தில் 'ஏறக்குறைய' என்று பொருள்படும் ஒரு சொல்லை முன்னால் போட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அந்த நிருபக்காரருக்கு மாவு ஞாபகம் இருந்திருக்கிறது. நமக்கு மறந்துவிட்டது.

இந்தக் குழப்பத்தில் 'பலி' என்ற நம் சொல்லுக்கும் பங்கு உண்டு. நம் கிராமங்களில் முனீஸ்வரனுக்கோ அய்யனார் கோயில் கருப்பசாமிக்கோ கிடா வெட்டுவது யாருடைய பாவத்துக்கும் இல்லை. நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்தது, வெட்டினோம், ஊரே சாப்பிட்டது. (2003-இல் தமிழக அரசு 1950-ஆம் வருஷச் சட்டத்தைத் தூசு தட்டி இதைத் தடுத்தது, எதிர்ப்பு கிளம்பி 2004-இல் சட்டமே ரத்தானது.) எபிரேயர்களுக்கும் இப்படி ஒரு பலி உண்டு, சமாதான பலி. கொண்டுவந்தவனும் உட்கார்ந்து சாப்பிடுவான். எபிரேயத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி வேலை. தமிழில் எல்லாவற்றுக்கும் வாலில் 'பலி' ஒட்டிக்கொண்டதும், கேட்பவன் மனசில் வெட்டுக்கத்தி மட்டும்தான் தெரிகிறது.

"அப்போ முன்னடையாளமே கிடையாதுங்கிறியா?" என்று டீக்கடையில் கேட்டான். அங்கேதான் நான் திணறினேன். உண்டு. ஆனால் நீ தேடுகிற இடத்தில் இல்லை.

ஏசாயா 53-க்கு வா. அடிபடும் ஊழியன், மற்றவர்களின் அக்கிரமத்தைச் சுமப்பவன். நம் வேதாகமத்தில் 'அவர்' என்று மரியாதையோடு இருக்கும். எபிரேயத்தில் அவன்/அவர் வித்தியாசம் கிடையாது, அது மொழிபெயர்த்தவர்கள் முடிவு. இதே ஏசாயாவில் 42-ஆம் அதிகாரத்தில் இதே 'தாசன்' வருகிறான். அங்கே அவன் கண் தெரியாதவன், காது கேளாதவன். நம் பைபிளில் குருடன், செவிடன், அந்தகன் என்று 'ன்' விகுதியோடு நிற்கிறான். 52-ஆம் அதிகாரக் கடைசியில் தாசன் என்று தொடங்கி வினைமுற்றில் 'ஆர்' வந்துவிடுகிறது! ஒரே எபிரேயச் சொல். குருடாக இருந்தால் இஸ்ரவேல், ஒருமை. பாடுபட்டால் இயேசு, மரியாதைப் பன்மை. தமிழ்ப் பிள்ளை ஒருவன் அதைப் படித்தவுடனே யாரென்று தெரிந்துவிடுகிறதென்றால் அது தீர்க்கதரிசனத்தின் வேலை மட்டும் இல்லை, விகுதியின் வேலையும்தான். 41-இலும் 44-இலும் 49-இலும் தாசன் இஸ்ரவேல் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் ராஷி அந்த ஊழியனை இஸ்ரவேல் ஜனம் என்று வாசித்தார். அவர் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. எத்தியோப்பிய மந்திரியே ரதத்தில் உட்கார்ந்து, தீர்க்கதரிசி தன்னைச் சொல்கிறாரா வேறொருவரைச் சொல்கிறாரா என்று பிலிப்புவைக் கேட்கிறாரே (அப்போஸ்தலர் 8). வெளிப்படையாக இருந்திருந்தால் கேட்டிருப்பாரா?

ஆனால் அந்த அதிகாரத்தில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 10-ஆம் வசனத்தில் 'ஆஷாம்' என்று ஒரு சொல், தமிழில் குற்றநிவாரணபலி. லேவியராகமத்தில் பலிபீடத்துக்குச் சொந்தமான சொல் அது, ஆட்டுக்கடாவுக்கு உரியது. அதை எடுத்து ஒரு மனுஷன் மேல் வைக்கிறது இந்தப் பாட்டு. ஆடு செய்ததை ஒரு மனுஷனின் துன்பம் செய்ய முடியுமா என்ற யோசனை எபிரேய நூலுக்குள்ளேயே, இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே தொடங்கிவிட்டது. பிறகு மக்கபேயர் காலத்துக் கதைகள். எலெயாசர், ஒரு தாயும் ஏழு மகன்களும், சித்திரவதையில் சாகிறார்கள். அந்தச் சாவு ஜனத்தைச் சுத்திகரித்தது என்று நான்காம் மக்கபேயர் என்ற கிரேக்க யூத நூல் எழுதுகிறது. அங்கே வரும் சொல் 'ஹிலாஸ்தேரியோன்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள். பெட்டிக்கு மேலே இருந்த மூடி, வருஷத்துக்கு ஒரு தரம் ரத்தம் தெளிக்கப்பட்ட இடம், எபிரேயத்தில் 'கப்போரெத்'. அலெக்ஸாந்திரியா யூதர்கள் அதைக் கிரேக்கத்தில் ஹிலாஸ்தேரியோன் என்றார்கள். பவுல் ரோமர் 3:25-இல் இயேசுவை அதே சொல்லால் அழைக்கிறார். எபிரெயர் 9:5-இலும் அதே சொல். கிரேக்கத்தில் வாசித்தவனுக்கு உடனே பொறி தட்டும்: திரைக்குப் பின்னே ஒருவன் மட்டும் போன இடம் இப்போது ஊர் நடுவே, எல்லார் கண்ணுக்கும் முன்னால். தமிழில்? யாத்திராகமத்தில் 'கிருபாசனம்', எபிரெயரில் 'கிருபாசனம்', ரோமரில் மட்டும் 'கிருபாதாரபலி'. இடம் என்று படித்திருக்க வேண்டிய சொல் பலியாகிவிட்டது, மறுபடியும் வெட்டுக்கத்தி! உண்மையான முடிச்சை மொழிபெயர்ப்பு அவிழ்த்துவிட்டது, இல்லாத முடிச்சுகளைப் பந்தலில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கத்தோலிக்கர்களும் மற்றவர்களும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியம் 'கழுவாய்' என்ற சொல்லைப் பிடித்தது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. எபிரேய 'கிப்பர்' என்ற வினைக்குத் துடைத்தல், சுத்தமாக்குதல் என்று பொருள் சொல்லும் அறிஞர்கள் பலர். கழுவாய் கழுவுதலிலிருந்து வந்தது. அதோடு அது புறநானூறு 34-இல் ஆலத்தூர் கிழார் பயன்படுத்திய சொல். பெரும் பாதகங்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்கு இல்லை என்று போகும் பாட்டு. செஞ்சையா வட்டத்தின் கேள்விக்கு என் பதில் இதுதான். நம் மரபிலிருந்து சொல்லைக் கொண்டுவாருங்கள், அது சொந்த மண்ணின் உரிமை. கதையை மாற்றாதீர்கள். ஆட்டிலிருந்து ஊழியனுக்கு, ஊழியனிலிருந்து ஏழு மகன்களுக்கு, அங்கிருந்து பவுலுக்கு என்று ஒரு தடம் இருக்கிறது, ஒவ்வொரு அடியும் காலடித் தடமாகத் தெரிகிறது. புருஷ சூக்தத்திலிருந்து கல்வாரிக்கு அப்படி ஒரு ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது.

கடைசியாக, 'யூதனுக்குப் புரியல' என்றாயே. ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது. பலிபீடம் போன பிறகு எதனால் கழுவாய் என்று கலங்கிய சீடனுக்கு, இரக்கச் செயல்களால் என்று யோகனான் பென் சக்காய் ஓசியா 6:6-ஐக் காட்டிப் பதில் சொன்னதாக யூத மரபு. அதே ஓசியா வசனத்தைத்தான் மத்தேயு 9-இல் இயேசுவும் காட்டுகிறார். பக்கத்து மனுஷனுக்குச் செய்த தப்பை, அவனைச் சமாதானப்படுத்தாதவரை யோம் கிப்பூர்கூடக் கழுவாது என்கிறது மிஷ்னா. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மலைப்பிரசங்கத்தில் வருவதும் வேறல்ல. புரியாதவர்களா இவர்கள்? நீ ஒரு யூதனையாவது பார்த்திருக்கிறாயா? நானும் இல்லை. லாயிட்ஸ் ரோட்டில் இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டம்தான் சென்னையில் அவர்கள் இருந்ததற்கு மிச்சம். ஒரே நூலை இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக வாசித்தார்கள். ஒருவன் வாசித்ததை வைத்து இன்னொருவனைக் குருடன் என்பதால்தான் ஐரோப்பாவில் என்னென்ன நடந்தது என்று நம் வரலாற்றுப் பாடத்திலேயே இருக்கிறது.

சரி, சண்டையைத் தொடர விரும்பினால் ஒரே ஒரு நிபந்தனை. லேவியராகமம் 16-ஐ முழுசாகப் படித்துவிட்டு வா. 20-ஆம் வசனத்திலிருந்து மெதுவாகப் படி. கை வைக்கப்பட்ட அந்த ஆடு எந்த வசனத்தில் சாகிறது என்று காட்டு. காட்டிவிட்டால் ஒரு மாசத்துக்குத் தாம்பரம் - பீச் சீசன் டிக்கெட் என் செலவு :-)